மூன்றாவது படத்தை முடித்துவைப்பது எப்படி: சூப்பர் ஹீரோ தொடரின் இறுதித் திரைக்கதைக்கு ஒரு வழிகாட்டி

சூப்பர் ஹீரோ தொடர் ஒன்றின் மூன்றாவது படத்துக்குத் திரைக்கதை எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் இரண்டாவது படத்தைக் கண்முன் வைத்துக்கொண்டு, அதை எப்படி விஞ்சுவது என்ற கவலையோடுதான் தொடங்குகிறார்கள். சென்ற படத்தில் ஒரு நகரம் ஆபத்தில் இருந்ததென்றால் இந்தப் படத்தில் உலகமே ஆபத்தில் இருக்க வேண்டும், சென்ற படத்தில் ஒரு வில்லன் என்றால் இதில் மூவர் வேண்டும் என்று கணக்குப் போடுவது இயல்பாகவே தோன்றும். ஆனால் தொடரை முடித்துவைக்கும் படம் பதில் சொல்ல வேண்டியது முதல் படத்துக்கு. முதல் படம் பார்வையாளரிடம் ஒரு கடன் வாங்கியிருக்கிறது: நாயகனின் காயம் ஒன்றைக் காட்டிவிட்டு, அது ஆறுமா ஆறாதா என்று சொல்லாமலேயே அனுப்பியிருக்கிறது. அந்தக் கடனை அடைப்பதே மூன்றாவது படத்தின் வேலை என்று தீர்மானித்துக்கொண்டால், எந்தக் காட்சியை வைப்பது, எதை வெட்டுவது என்ற குழப்பங்களில் பாதி தானாகத் தீர்ந்துவிடும். உதாரணங்களுக்காகச் சில படங்களின் முடிவுகளை இங்கே வெளிப்படையாகப் பேசியிருக்கிறேன் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கடன்களைப் பட்டியலிடுங்கள்

ஒரு வரிகூட எழுதுவதற்கு முன், முதல் படத்தின் முதல் அரை மணி நேரத்தை, கையில் நோட்டும் பேனாவுமாக இரண்டு மூன்று முறையாவது பார்த்துவிடுங்கள். சண்டைகளைக் குறித்துக்கொள்ள வேண்டியதில்லை. நாயகன் யாரை விட்டுவிட்டு வந்தான், எதைச் சொல்லாமல் மறைத்தான், யார் கொடுத்த பொருளைக் கையில் வைத்திருக்கிறான், எதைக் கண்டு அஞ்சி ஓடினான் என்பவற்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பார்வையாளர் மறந்துவிட்டதாக நீங்கள் நினைக்கும் சிறிய விஷயங்களே இந்தப் பட்டியலில் அதிக மதிப்புள்ளவை. ஏனென்றால் அவர்கள் உண்மையில் மறந்திருக்க மாட்டார்கள், நினைவில் வைத்திருப்பதை அறியாமல் இருப்பார்கள், அவ்வளவுதான்.

2014-இல் வெளியான ‘கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி’ படத்தின் தொடக்கத்தை எடுத்துக்கொள்வோம். 1988-ஆம் ஆண்டு, ஒரு மருத்துவமனை. பீட்டர் குவில் என்ற சிறுவனின் தாய் அவன் கண்முன்னே இறக்கிறாள். அலறும் பேரனைத் தாத்தா தூக்கிக்கொண்டு வந்து நடைகூடத்தில் விட்டுவிட்டு உள்ளே திரும்புகிறார். சிறுவன் இருட்டுக்குள் ஓடுகிறான். விண்கலம் ஒன்று அவனைத் தூக்கிச் சென்றுவிடுகிறது. அதன் பிறகு படம் முழுக்க நகைச்சுவையும் விண்வெளிச் சண்டையுமாகப் பாய்ந்து செல்கிறது. ஆனால் ஒரே நாளில் மகளையும் பேரனையும் பறிகொடுத்த அந்தக் கிழவர் என்ன ஆனார் என்ற கேள்வி எந்தச் சண்டையிலும் தீராமல் அப்படியே கிடக்கிறது. 2023-இல் வந்த மூன்றாவது படத்தின் முடிவில் குவில் தன் கூட்டத்தைப் பிரிந்து பூமிக்குத் திரும்பி, தாத்தாவின் வீட்டு வாசலில் போய் நிற்கிறான். பிரபஞ்சத்தைக் காப்பாற்றியதைவிட அந்த வாசல் பெரிதாகத் தெரிவதற்குக் காரணம், ஒன்பது ஆண்டுகளாக நிலுவையில் இருந்த கணக்கு அங்கே தீர்கிறது என்பதுதான்.

கதையின் மிச்சத்தையும் கடனையும் ஒன்றாக எண்ணிக் குழம்பிவிடக் கூடாது. வில்லனின் ஆயுதம் எங்கே போயிற்று, அந்த அமைப்பின் தலைவர் யார், இந்தக் கல்லின் சக்தி எங்கிருந்து வந்தது என்பவையெல்லாம் மிச்சங்கள். ஒரு வசனத்தில் தீர்த்துவிடலாம், தீர்க்காமலும் விட்டுவிடலாம். கடன் என்பது ஒரு மனிதர் இன்னொரு மனிதருக்கோ, தனக்குத் தானேயோ பட்டிருப்பது. பட்டியலில் பத்துக் கடன்கள் இருந்தால் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மிகவும் நெருக்கமாகப் பின்னிக் கிடந்தால் இரண்டு. அந்த ஒன்றை ஒரே வாக்கியத்தில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். எட்டு ரசிகர்களை எட்டு விதமாகத் திருப்திப்படுத்தப் பார்க்கும் இறுதிப் படம் எல்லோரையும் அரைவயிற்றோடு அனுப்பிவிடும்.

கடனை அடைக்கும் கணம் எவ்வளவு சிறியதாக இருக்க முடியும் என்பதற்கு நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒரு காட்சி உண்டு. கிறிஸ்டோபர் நோலனின் ‘பேட்மேன் பிகின்ஸ்’ 2005-இல் வந்தது. பெற்றோரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். பின்னாளில் பேட்மேன் ஆகப்போகும் சிறுவன் புரூஸ் காவல் நிலையத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறான். கார்டன் என்ற காவலர் அவன் அருகே வந்து, அவன் தோளில் ஒரு கோட்டைப் போர்த்திவிடுகிறார். சில நொடிகளில் காட்சி முடிந்துவிடுகிறது. ஏழு ஆண்டுகள் கழித்து, 2012-இல், அந்தத் தொடரின் மூன்றாவது படமான ‘தி டார்க் நைட் ரைசஸ்’ படத்தின் உச்சகட்டம். அணுகுண்டைச் சுமந்துகொண்டு புறப்படவிருக்கும் பேட்மேனிடம், நகரத்தைக் காப்பாற்றியவர் யார் என்று மக்களுக்குத் தெரிய வேண்டாமா என்கிறார் கார்டன். பெயரைச் சொல்லாமல், ஒரு சிறுவனின் தோளில் கோட்டைப் போர்த்தி, உலகம் இன்னும் முடிந்துவிடவில்லை என்று அவனுக்கு உணர்த்தியவரும் நாயகர்தான் என்ற பொருளில் பேட்மேன் பேசிவிட்டுப் போகிறார். கார்டனின் முகத்தில் அந்தப் பழைய இரவு மெல்ல விடிகிறது. முதல் படத்தைப் பத்து வயதில் பார்த்த ஒருவர் இந்தக் காட்சியைப் பதினேழு வயதில் பார்த்திருப்பார். கார்டனோடு சேர்ந்து அவரும் தன் நினைவைத் துழாவி அந்தக் கோட்டைக் கண்டெடுக்கிறார். இங்கே கவனிக்க வேண்டியது, முதல் படம் அந்தக் கோட்டை அடிக்கோடிட்டுக் காட்டவில்லை என்பதைத்தான். சாதாரணமாக வந்துபோன ஒன்றுக்கே இப்படிக் கனம் கூடும். ஆகவே உங்கள் பட்டியலில் உரக்கச் சொல்லப்பட்டவற்றைத் தள்ளிவிட்டு, சத்தமில்லாமல் கடந்துபோனவற்றின் பக்கம் அதிக நேரம் செலவிடுங்கள்.

முதல் படம் வேறொருவர் இயக்கியதாக இருக்கலாம், பலருக்குப் பிடிக்காததாகவும் இருக்கலாம். அப்போதும் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. வுல்வரினின் தனிக்கதையைச் சொன்ன முதல் படம் 2009-இல் காவின் ஹூட் இயக்கத்தில் வந்தது; அதைப் பலரும் நல்ல படமாகச் சொல்வதில்லை. ஆனால் அதன் முதல் காட்சியில், கைகளிலிருந்து முதன்முறையாக நகங்கள் பாயும் ஒரு சிறுவன், எதிரே நிற்பவர் தன் தந்தை என்று அறியாமலேயே அவரைக் குத்திக் கொன்றுவிடுகிறான். ஜேம்ஸ் மேன்கோல்ட் இயக்கி 2017-இல் வந்த மூன்றாவது படமான ‘லோகன்’ முடிவில், அதே நகங்களோடு பிறந்த லாரா என்ற சிறுமி, சாகக் கிடக்கும் வுல்வரினின் கையைப் பிடித்துக்கொண்டு அவனை அப்பா என்று அழைக்கிறாள். தந்தையைக் கொன்று தொடங்கிய வாழ்க்கை தந்தையாக முடிகிறது. இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால், பலவீனமான முதல் படத்திலும் அறுவடைக்கு ஏதோ ஒன்று காத்திருக்கும் என்பது விளங்கும்.

கடன்காரரே வில்லனாக வரட்டும்

கடனைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் வில்லனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் திரைக்கதை தடம் மாறிவிடும். நாயகன் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இத்தனை காலம் தப்பித்து வந்தானோ, அதே கேள்வியை அவன் முகத்துக்கு நேரே கேட்பவரே இறுதிப் படத்துக்கு உரிய வில்லன். அவருடைய பலம் எத்தனை டன் என்பது இரண்டாம் பட்சம்.

2007-இல் வந்த சாம் ரெய்மியின் ‘ஸ்பைடர்-மேன் 3’ இந்த இடத்தில் நமக்கு நல்ல பாடம். அந்தத் தொடரின் பெருங்கடன் ஹாரியிடம் இருந்தது. 2002-இல் வந்த முதல் படத்தின் இறுதியில், தந்தையை இழந்த ஹாரி, ஸ்பைடர்-மேனைப் பழிவாங்குவேன் என்று, அந்த ஸ்பைடர்-மேன் யாரென்று அறியாமல் தன் நண்பன் பீட்டரிடமே சொல்கிறான். இரண்டாவது படத்தில் உண்மை அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. நெருங்கிய நண்பர்கள் இருவர், நடுவில் ஒரு தந்தையின் சாவு: மூன்றாவது படத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் படத்தில் சாண்ட்மேனும் வந்தார், வெனமும் வந்தார். மூவருக்கும் இடம் போதாததால், முதல் சண்டையிலேயே ஹாரிக்குத் தலையில் அடிபட்டுப் பழையவை மறந்துபோகின்றன. கடன் கேட்க வந்தவரைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டுப் படம் வேறு வேலை பார்க்கப் போய்விடுகிறது.

இதில் எனக்கு வருத்தம் தருவது, சாண்ட்மேன் தன்னளவில் அற்புதமாக எழுதப்பட்ட பாத்திரம் என்பதுதான். அவர் மணலாக மாறிய பின் முதன்முறையாக எழுந்திருக்க முயலும் காட்சியில் வசனமே கிடையாது. மணல் துகள்கள் உருண்டு சேர்ந்து ஒரு கையாகின்றன. தரையில் கிடக்கும் பதக்கத்தை நோக்கி அந்தக் கை நீள்கிறது. தொட்டவுடன் விரல்கள் பொலபொலவென உதிர்ந்துவிடுகின்றன. பதக்கத்துக்குள் இருப்பது அவர் மகளின் படம். மறுபடியும் முயன்று, உருவம் திரண்டு, அதைப் பற்றிக்கொள்கிறார். ஒரு தனிப் படத்தையே தாங்கக்கூடிய தந்தை இவர். ஆனால் நல்ல பாத்திரம் என்பது மட்டும் இறுதிப் படத்துக்குள் நுழைவதற்குத் தகுதி ஆகாது. முதல் படம் பட்ட கடனோடு அவருக்கு உறவு இருந்தாக வேண்டும். அந்த உறவை உண்டாக்குவதற்காக, பெரியப்பா பென்னைச் சுட்டது உண்மையில் இவர்தான் என்று மூன்றாவது படம் பழைய கதையை மாற்றி எழுதியது. அதனால் நேர்ந்த சேதம் சிறியதல்ல. தான் தப்பிக்க விட்ட திருடனே பெரியப்பாவைக் கொன்றான் என்ற குற்றவுணர்வுதான் பீட்டரை ஸ்பைடர்-மேன் ஆக்கியது. சுட்டவர் வேறொருவர் என்று ஆனதும் அந்த அஸ்திவாரம் தளர்கிறது. பழைய நிகழ்வுக்குப் புதிய அர்த்தம் கொடுங்கள், நிகழ்வையே மாற்றாதீர்கள் என்பதை நான் கண்டிப்பான விதியாகவே வைத்திருக்கிறேன்.

சக்தியைப் பிடுங்கிவிட்டு எழுதுங்கள்

மூன்றாவது படத்தின் நடுப்பகுதிதான் பலரையும் திணறடிக்கிறது. நாயகனின் சக்திகள் என்னென்ன என்பது பார்வையாளருக்கு இரண்டு படங்களாகத் தெரியும்; அவற்றை மறுபடியும் காட்டினால் வியப்பு வராது. ஆகவே நடுப்பகுதியில் அந்தச் சக்தியை, செல்வத்தை, ஆயுதத்தை எடுத்துவிட்டு, மிஞ்சியிருக்கும் மனிதனை எழுத வேண்டும். 2013-இல் வந்த ‘அயர்ன் மேன் 3’ படத்தில் டோனி ஸ்டார்க் கவசம் செயலிழந்த நிலையில் ஒரு சிற்றூரில் ஒதுங்குகிறார்; கடையில் கிடைக்கும் சாதாரணப் பொருட்களை வாங்கி ஆயுதங்கள் செய்து எதிரியின் மாளிகைக்குள் நுழைகிறார். 2008-இல் வந்த முதல் படத்தில் குகைக்குள் அடைபட்டு, கிடைத்த உலோகத் துண்டுகளால் முதல் கவசத்தைச் செய்த அதே கைகளை நாம் மறுபடியும் பார்க்கிறோம். கவசத்துக்குள் இருப்பவன் இயந்திரத்தைச் செய்யத் தெரிந்த மனிதன் என்பது அங்கே வசனமின்றிச் சொல்லப்பட்டுவிடுகிறது.

நோலனின் பேட்மேன் தொடரின் மூன்றாவது படத்திலோ புரூஸ் முதுகு முறிக்கப்பட்டு, கிணறு போன்ற ஆழமான பாதாளச் சிறையில் கிடக்கிறான். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏறிப் பார்க்கிறான், விழுகிறான். மறுபடியும் ஏறுகிறான், மறுபடியும் விழுகிறான். கயிறில்லாமல் ஏறும்போதுதான் வெளியே வர முடிகிறது. முதல் படத்தில் அவன் சிறுவனாக ஒரு பாழுங்கிணற்றில் விழுந்தபோது, தந்தை கயிற்றில் இறங்கி வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போனார் என்பதை நினைத்துப் பாருங்கள். இந்தமுறை இறங்கிவரத் தந்தை இல்லை, கயிறும் இல்லை. ஏறும் வழியில் வௌவால்கள் பறந்து வருகின்றன. சிறுவனாக இருந்தபோது எவற்றைக் கண்டு நடுங்கினானோ, அவற்றின் நடுவிலேயே மேலே போகிறான். நடுப்பகுதியில் வரும் தோல்வி முதல் படத்தின் அச்சத்தோடு இப்படி முடிச்சுப் போடப்பட்டிருந்தால், உச்சகட்டச் சண்டைக்கு உங்களுக்குப் பெரிய பிரம்மாண்டம் தேவைப்படாது.

இழப்பைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்

கடன் அடைய வேண்டுமானால் நாயகன் ஏதாவது ஒன்றைக் கொடுத்தாக வேண்டும். கொடுத்தது திரும்பி வரவும் கூடாது. 2006-இல் வந்த ‘எக்ஸ்-மென்: தி லாஸ்ட் ஸ்டாண்ட்’ படத்தில் குழுவின் தலைவரான பேராசிரியர் சேவியர் கண்முன்னே சிதறிப் போகிறார், உலோகத்தை ஆட்டிவைக்கும் மேக்னிட்டோ மருந்து ஊசியால் தன் சக்தியை முழுவதுமாக இழக்கிறார். இரண்டுமே மிகப் பெரிய இழப்புகள். ஆனால் படத்தின் இறுதியில், பூங்காவில் சதுரங்கப் பலகைக்கு முன் தனியாக உட்கார்ந்திருக்கும் மேக்னிட்டோ விரலை நீட்ட, உலோகக் காய் ஒன்று மிக இலேசாக அசைகிறது. பெயர்ப் பட்டியல் ஓடி முடிந்த பின், வேறொரு உடலிலிருந்து சேவியரின் குரல் கேட்கிறது. அடுத்த படத்துக்கு ஆர்வமூட்ட இவை உதவியிருக்கலாம். ஆனால் சற்று முன் சிந்திய கண்ணீரைப் பார்வையாளரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டதுபோல் ஆகிவிட்டது. போதாக்குறைக்கு, சக்திகளைத் தரும் மரபணு மாற்றத்தைக் குணப்படுத்தும் மருந்து ஒரு கதை, இறந்ததாக நினைத்த ஜீன் ஃபீனிக்ஸ் என்ற அழிவுச் சக்தியாக எழுவது இன்னொரு கதை என்று இரண்டு பெருங்கதைகளை 104 நிமிடங்களுக்குள் அடைத்ததால், ஜீனின் காதலர் சைக்ளாப்ஸ் படத்தின் தொடக்கத்திலேயே, சாகும் காட்சிகூட இல்லாமல் காணாமல் போனார்.

இழப்பு என்றால் சாவு என்று பொருள் கொள்ள வேண்டாம். சாவு எளிய வழி. பல நேரங்களில் அது எழுதுபவரின் சோம்பலும்கூட. 2021-இல் வந்த ‘ஸ்பைடர்-மேன்: நோ வே ஹோம்’ முடிவில் பீட்டரைப் பற்றிய நினைவு உலகத்தார் அனைவரிடமிருந்தும் மறைந்துவிடுகிறது, அப்படிச் செய்யச் சொன்னவனும் அவனே. காதலி எம்ஜேயைத் தேடி வந்து எல்லாவற்றையும் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறான். சொல்ல வேண்டியதை எழுதி எடுத்துக்கொண்டு, ஒத்திகை பார்த்தபடியே அவள் வேலை செய்யும் காப்பிக் கடைக்குள் நுழைகிறான். அவள் அவனை யாரோ ஒரு வாடிக்கையாளராகப் பார்க்கிறாள். அவள் நெற்றியில் அந்தச் சண்டையில் பட்ட காயம். வலிக்கிறதா என்று கேட்கிறான். இப்போது வலியில்லை என்கிறாள். எழுதி வந்ததைச் சொல்லாமலேயே காப்பியை வாங்கிக்கொண்டு வெளியேறுகிறான். இந்தக் காட்சியில் யாரும் சாகவில்லை, யாரும் அழவும் இல்லை. ஆனால் அவன் கொடுத்த விலை என்னவென்று கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரியும். உங்கள் நாயகன் எதை இழந்தால் அவன் வாழ்வு தொடர்ந்தும் பழையபடி இருக்காதோ அதைத் தேடுங்கள். தேடியது கிடைத்தால், அதை அவனே தெரிந்து தேர்ந்தெடுக்கும்படி எழுதுங்கள். விபத்தால் நேரும் இழப்புக்கு இந்தக் கனம் வராது.

துணைப் பாத்திரங்களைப் பொறுத்தவரை, ஒவ்வொருவருக்கும் ஒரு முழுக் கிளைக்கதை கொடுக்க வேண்டிய அவசியமில்லை. நாயகனிடம் அவர்கள் கடைசியாகச் சொல்லும் ஒரு சொல், அல்லது செய்யும் ஒரு செயல் போதும். நீளத்தைப் பற்றியும் அதிகம் கவலைப்பட வேண்டாம். மேலே சொன்ன நோலனின் இறுதிப் படம் இரண்டே முக்கால் மணி நேரத்தை ஒட்டி ஓடுகிறது. அதை யாரும் நீளத்துக்காக நினைவில் வைத்திருப்பதில்லை.

சண்டை முடிந்த பிறகு

கடைசி அடி விழுந்ததற்கும் பெயர்ப் பட்டியல் தொடங்குவதற்கும் நடுவே பத்து நிமிடங்களையாவது ஒதுக்கி வையுங்கள். பார்வையாளர் விடைபெறுவது அந்த நேரத்தில்தான். இந்தப் பத்து நிமிடங்களுக்கான விதையை அதே படத்தின் முற்பகுதியில் ஊன்றியிருக்க வேண்டும். புரூஸை வளர்த்த ஆல்ஃப்ரெட், ஒவ்வோர் ஆண்டும் ஃபிளாரன்ஸ் நகரில் ஓர் ஆற்றங்கரைச் சிற்றுண்டிக் கடையில் உட்கார்ந்து, எதிர் மேசையில் புரூஸ் குடும்பத்தோடு இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வேன் என்று ‘தி டார்க் நைட் ரைசஸ்’ படத்தின் முற்பகுதியில் ஒருமுறை சொல்கிறார். முடிவில் அதே கடையில் நிமிர்ந்து பார்க்கிறார். எதிரே, இறந்துவிட்டதாக எல்லோரும் நினைத்த புரூஸ் இருக்கிறான். இருவரும் தலையசைத்துக்கொள்கிறார்கள்; ஒரு சொல்கூட இல்லை. அந்தக் கற்பனையை ஆல்ஃப்ரெட் முன்பே சொல்லியிராவிட்டால் இங்கே இரண்டு பக்க வசனம் தேவைப்பட்டிருக்கும், அந்த வசனமும் பலிக்காமல் போயிருக்கும்.

கடைசிக் காட்சியில் நாயகன் பேசுவதைவிட ஏதாவது செய்யட்டும். காப்பிக் கடையிலிருந்து திரும்பும் பீட்டர் ஒரு சிறிய வாடகை அறையில் இருக்கிறான். தையல் இயந்திரத்தில் தன் உடையைத் தானே தைத்திருக்கிறான். 2017-இல் வந்த அந்தத் தொடரின் முதல் படத்தில் டோனி ஸ்டார்க் கொடுத்த உடையை அவரே திரும்ப வாங்கிக்கொண்டபோது, அது இல்லாமல் நான் ஒன்றுமே இல்லை என்று கெஞ்சியவன் அவன். அந்தப் பழைய காட்சியை இடையில் வெட்டிக் காட்டி நினைவூட்ட வேண்டிய தேவை படத்துக்கு இருக்கவில்லை.

பெயர்ப் பட்டியலுக்குப் பின் ஒரு காட்சி வைத்தே ஆக வேண்டும் என்று தயாரிப்புத் தரப்பு கேட்டால், உங்கள் நாயகன் இல்லாத காட்சியாக, அவன் கொடுத்த விலையைத் தொடாத காட்சியாக அதை எழுதிக் கொடுங்கள். எழுதி முடித்ததும், முதல் நாள் மேசைக்கு எதிரே ஒட்டிவைத்த அந்த ஒற்றை வாக்கியத்தைக் கிழித்து எடுத்து, திரைக்கதையின் கடைசிப் பக்கத்தோடு வைத்துப் படித்துப் பாருங்கள். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு தெரியாவிட்டால், கடைசிப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, நடுப்பகுதியிலிருந்து மறுபடியும் எழுதத் தொடங்குங்கள்.